பன்னிரண்டு பேரைத் தயாராக வைக்கவும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கூட்டம் என்று ஆறு பேரை உட்கார வைத்துவிட்டு, முதல் அரை மணி நேரம் வடை எந்தக் கடையில் வாங்கியது என்று பேசுகிறவர்களைக் கண்டால் இன்னும் சட்டென்று வரும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே இருக்கும் அறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி உட்கார்ந்திருந்தேன். நான்கு நாளும் வடை நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. திருச்சியிலிருந்து வேலை விசாவில் வந்து, கோலாலம்பூரில் ஒரு வங்கியின் புள்ளிவிவரப் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறேன். நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்துக்காரர் ஒரு சிறிய தன்னார்வச் சங்கத்தின் செயலாளர். பணி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், எல்லாரிடமும் பணிவு. அந்தச் சங்கம் 'வாசிப்பு வண்டி' என்று ஒன்றை நடத்திவந்தது. ஒரு வேன் நிறையத் தமிழ்ப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு, கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங், பந்திங் வரை ஏழு தமிழ்ப் பள்ளிகளுக்குச் சனிக்கிழமைகளில் முறைவைத்துப் போவார்கள். எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளைகளோடு ஆளுக்கு ஒருவராக உட்கார்ந்து வாசிப்பார்கள்.

வேனைக் கொடுத்திருந்த நிறுவனம் திடீரென்று ஒரு கடிதம் அனுப்பியது. அடுத்த வருடம் ஏழு பள்ளி முடியாது, நான்குதான். அதுவும், வண்டியால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று அளந்து காட்ட ஒரு மதிப்பீட்டுத் திட்டம் எழுதிக் கொடுத்தால்தான். செயலாளர் என்னை லிஃப்டில் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான்மா கணக்கு படிச்சவங்க. ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்தா போதும் லா."

ஒரு பேப்பர் என்றார், இந்த ஊர் 'லா'வையும் சேர்த்து. நானும் நம்பினேன்.

முதல் கூட்டத்தில், பயனை எதை வைத்து அளப்பது என்று கேட்டேன். சங்கத் தலைவர் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். "போட்டோ இருக்கு. எத்தனை வேணும் சொல்லுங்க?" போட்டோவில் பிள்ளைகள் சிரிப்பது தெரிகிறது, படிப்பது தெரியவில்லையே என்றேன். அப்படியானால் சிரித்த முகம், சாதா முகம், அழுத முகம் என்று மூன்று படம் அச்சடித்து, பிள்ளைகளை ஒன்றில் வட்டம் போடச் சொல்லலாம் என்றார் பொருளாளர். பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் கொடுத்துவிட்டு முகத்தை வட்டம் போடச் சொன்னால் எந்தப் பிள்ளை அழுத முகத்தில் போடும்? இன்னொருவர், ஒய்பியிடம் ஒரு பாராட்டுக் கடிதம் வாங்கி இணைத்துவிட்டால் கதை முடிந்தது என்றார். ஒய்பி என்றால் இங்கே சட்டமன்ற உறுப்பினர். அவர் வண்டியைக் கண்ணால் பார்த்ததே இல்லையே என்றேன். பார்க்க வைத்துவிடலாம், அதற்கு ஒரு நாள் குறித்து, பொன்னாடை போர்த்தி, பிறகு கடிதத்தைக் கேட்கலாம் என்று பேச்சு போய், பொன்னாடை பச்சையா மஞ்சளா என்பதில் நின்றது. வீட்டுக்கு வந்து தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது கூட்டத்துக்குத் திட்டத்தை நானே எழுதிக்கொண்டு போனேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை, நம் ஊர்க் கணக்கில் மூன்றாம் வகுப்பு, ஒவ்வொருவராக உட்கார வைத்து, முன்பின் பார்த்திராத ஒரு சின்னக் கதையைக் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை வார்த்தையைச் சரியாக வாசிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வருடக் கடைசியில் இன்னொரு தடவை அதையே செய்தால், வண்டியால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். முதல் சோதனையில் பின்தங்கிய நான்கு பள்ளிகளுக்கு வண்டி போகும். அங்கேயும், உதவி தேவை என்று சோதனையில் தெரிகிற பிள்ளைக்குத்தான் இடம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது. எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

கடைசியில் ஒரு விதியும் சேர்த்தேன்: ஒருமுறை எடுத்த கணக்கை யாருக்காகவும் மாற்றக் கூடாது. காரணம் இருந்தது. தலைவர் தான் படித்த பள்ளி நான்கில் இருந்தாக வேண்டும் என்று ஜாடைமாடையாக இரண்டு தடவை சொல்லிவிட்டார். அதனால் எல்லாரையும் அந்த விதிக்குக் கீழே கையெழுத்துப் போட வைத்தேன். தலைவர் போடும்போது பேனா எழுதவில்லை என்றார். என் பேனாவைக் கொடுத்தேன்.

ஏழில் ஆறு பள்ளிகளில் மூன்றாம் ஆண்டில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர்தான், எல்லாரையும் ஒரே காலையில் சோதித்துவிடலாம். ஒரே ஒரு பள்ளியில் மட்டும் இருபத்தைந்து பேர். பந்திங் போகிற வழியில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிய பள்ளி அது. அங்கே பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, பன்னிரண்டு பேரை நாங்களே எடுப்போம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதினேன். அனுப்புகிற வேலை செயலாளருடையது.

அந்தப் பள்ளிக்கு நானே லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் சந்தனம், குங்குமம், பன்னீர். நான்கு பிள்ளைகள் வரவேற்புப் பாடல் பாடினார்கள். மேசைமேல் மீகூன் சேமியா, கரிப்பாப் என்கிற உருளைக்கிழங்குப் பஃப், பால் தேநீர். ஒரு நிமிட வாசிப்புச் சோதனைக்கு வந்தவளை மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நடத்தினால் என்ன செய்வது? தலைமையாசிரியை ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். பட்டுச்சேலை கட்டியிருந்தார். பக்கத்து அறையில் பன்னிரண்டு பிள்ளைகள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் சட்டையில் மாணவர் தலைவர் சின்னம்.

"எல்லாரும் எடுத்த பிள்ளைங்கதானே?" என்று கேட்டேன். சீட்டுப் போட்டு எடுத்தது என்ற அர்த்தத்தில்.

"எல்லாம் எடுத்து ரெடியா வச்சிருக்கோம் மா. நீங்க முதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். பிறகு சோதித்தேன். பன்னிரண்டு பேரும் வானொலிச் செய்தி வாசிப்பது போல் வாசித்தார்கள். ஒரு பையன் நிமிடம் முடிவதற்குள் கதையை முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்பது போல் என்னைப் பார்த்தான். சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். நானோ வயிறு நிறைந்து, மணி பார்த்து, மத்தியானத்துக்குள் நெடுஞ்சாலையைப் பிடித்தால் போதும் என்று இருந்தேன். காருக்குப் போகிற வழியில் கேன்டீன் பெஞ்சுகளில் கொஞ்சம் பிள்ளைகள் குனிந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு இருந்த இளம் ஆசிரியை என்னைப் பார்த்ததும் எழுந்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலைமையாசிரியை மிச்சக் கரிப்பாப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாவது கூட்டத்தில் முடிவுகளை வைத்தேன். ஏழு பள்ளிகளில் அந்தப் பள்ளிதான் முதலிடம். மற்றவர்கள் கிட்டே வரவே இல்லை. ஆகவே அவர்களுக்கு வண்டி தேவையில்லை. தலைவரின் பள்ளியும் நான்கில் வரவில்லை. அவர் வடைத் தட்டைத் தள்ளிவைத்தார். திட்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அன்று இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மதியம் வங்கியில் இருக்கும்போது ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. கேன்டீனில் பார்த்த அந்த ஆசிரியை.

"அக்கா, எங்க ஸ்கூலுக்கு வண்டி இல்லன்னு கேள்விப்பட்டேன். நெஜமா?"

ஆமாம், பிள்ளைகள் பிரமாதமாக வாசிக்கிறார்களே, சந்தோஷப்படுங்கள் என்றேன்.

"நீங்க டெஸ்ட் பண்ணுன பன்னெண்டு பேரும் வண்டியில ஏறுனதே இல்லக்கா. பேச்சுப் போட்டிக்குப் போற பிள்ளைங்க அவங்க. வண்டிக்கு வர்றது மத்த பதிமூணு பேரு. அன்னைக்கு கேன்டீன்ல உட்கார வச்சிருந்தோமே, அவங்கதான். பாதிப் பேருக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் ஃபேக்டரி ஷிப்ட். வீட்ல புத்தகத்தப் பிரிச்சு உட்கார ஆள் கிடையாது. சனிக்கிழமை அந்த வண்டி வந்தாதான் உண்டு. அதையும் எடுத்துட்டா எப்படிக்கா?"

சாயந்திரம் ரயிலைவிட்டு இறங்கியதும் என் வீட்டுக்குப் போகாமல் மூன்றாவது தளத்துக்கு ஏறி, செயலாளரிடம் அவர் அனுப்பிய கடிதத்தைக் கேட்டேன். சாவகாசமாகக் கண்ணாடியைத் தேடி, கோப்பைத் தேடி, எடுத்துக் கொடுத்தார். நான் எழுதிய சீட்டு, குலுக்கல், நாங்களே எடுப்போம் எதுவும் அதில் இல்லை. 'தாங்கள் அன்புகூர்ந்து பன்னிரண்டு மாணவர்களைத் தயாராக வைத்து ஒத்துழைப்பு நல்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று இருந்தது.

"அங்கிள், நான் எழுதுனது எங்க?"

"அது கொஞ்சம் கரடுமுரடா இருந்திச்சு மா. ஒரு தலைமையாசிரியர்கிட்ட போயி, பிள்ளைங்கள நாங்களே பொறுக்கிக்கிறோம்னு எழுதினா, உங்கள நம்பலன்னு சொல்ற மாதிரி லா. அதான் மரியாதையா மாத்தினேன்."

அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. உதவி செய்துவிட்ட திருப்திதான் இருந்தது. அந்த மனிதரைத் திட்டவும் முடியாமல், திட்டாமலும் முடியாமல், "நல்லா பண்ணீங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அந்தத் தலைமையாசிரியையைச் சொல்லியும் குற்றமில்லை. கோலாலம்பூரிலிருந்து ஆள் வருகிறது, பன்னிரண்டு பேரைத் தயாராக வையுங்கள் என்று கடிதம் வந்தால் எந்தப் பள்ளியில்தான் தடுமாறுகிற பிள்ளையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார்கள்? திருச்சியில் என் பள்ளியிலும் அதிகாரி வருகிற அன்று கடைசி பெஞ்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புவார்கள். நான் முதல் பெஞ்சு. அதனால் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

நான்காவது கூட்டத்தை அவசரமாகக் கூட்டச் சொன்னேன். நடந்ததைச் சொல்லி, அந்தப் பள்ளியை மறுபடி சோதிக்க வேண்டும் என்றேன். தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். இதற்காகவே காத்திருந்தவர் போல இருந்தது.

"எப்படிம்மா? ஒருமுறை எடுத்த கணக்க யாருக்காகவும் மாத்தக் கூடாது. நீங்கதானே எழுதினீங்க? நாங்க எல்லாரும் சைன் பண்ணியிருக்கோம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குழு ஒரு விதியை எழுத்துப் பிசகாமல் மதித்தது. ஒரு மணி நேரம் மன்றாடினேன். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள்: பழைய கணக்கை மாற்ற முடியாது, விடுபட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சோதிக்கப்படாத பிள்ளைகள் தன் பள்ளியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று தலைமையாசிரியை தன் கையெழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்குத் திட்டத்தைக் கொடுக்க ஐந்து நாள்தான் இருந்தது.

மறுபடி லீவு. மறுபடி பந்திங் சாலை. முன்னால் ஒரு லோரி பனங்குலைகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது, அதை முந்தவும் முடியவில்லை. இந்தத் தடவை சந்தனம் இல்லை, பாட்டும் இல்லை. தலைமையாசிரியை தன் அறையில் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எழுத்துல மட்டும் கேக்காதீங்க மா. இந்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு ஒம்பது பேருதான் வந்தாங்க. பக்கத்துல வேற ஸ்கூல் இருக்கு, பஸ்ஸு வீட்டு வாசல்ல வந்து ஏத்திக்கிட்டு போகுது. எங்க பிள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியலன்னு நானே சைன் பண்ணிக் கொடுத்தா, நாளைக்கே அது வாட்ஸப்ல சுத்தும். அடுத்த வருஷம் அந்த ஒம்பதும் வராது."

அவர் சொன்னது நியாயம். அதனாலேயே கோபம் அதிகமானது.

"அதுக்காக அவங்கள கேன்டீன்ல ஒளிச்சு வச்சா படிப்பு வந்துடுமா டீச்சர்?" என்றேன். கத்தினேன் என்பதுதான் உண்மை. கதவு திறந்திருந்தது.

"ஒளிக்கல மா. வீட்டுக்கு ஆள் வந்தா நல்ல தட்டுலதானே சோறு வைப்போம்? அப்படித்தான் செஞ்சேன்."

அந்த இளம் ஆசிரியை கதவோரம் வந்து நின்றிருந்தார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவரே வந்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. வண்டி நின்னுட்டா அந்தப் பதிமூணு பேரையும் நான் ஒருத்தியா பாக்கணும். என்னால முடியாது. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், முடியல. ஆறாம் ஆண்டு வரைக்கும் அவங்க இப்படியே போயிட்டா, அப்ப யாரு கையெழுத்துப் போடுவா?"

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு இழுப்பறையிலிருந்து பள்ளியின் தலைப்பிட்ட தாள் ஒன்றை எடுத்து, முத்து முத்தான கையெழுத்தில் மூன்று வரி எழுதினார். முத்திரை குத்தும்போது மட்டும் கை தயங்கியது. "அறிக்கையில பள்ளிக்கூடத்துப் பேரு வரக் கூடாது" என்றார். வராது என்று சொன்னேன். வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

உடனே கேன்டீனில் ஒரு மேசையைப் போட்டுச் சோதனையைத் தொடங்கினேன். புதுக் கதை, மழைநாளில் பாசாரில், அதாவது சந்தையில், குடையைத் தொலைத்த ஒருவரைப் பற்றியது. அச்சடித்த சோதனைப் படிவம் தீர்ந்துபோனதால் வெள்ளைத்தாளில் கோடு கிழித்து, தலைப்புகளைக் கையால் எழுதினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் ஒரு எழுத்தில் ஆரம்பித்து அங்கேயே நின்றார்கள். ஒரு பையன் படத்தைப் பார்த்து வேறொரு கதையைச் சொன்னான், என் கதையைவிட அது நன்றாக இருந்தது. பத்தாவது பிள்ளை எழுந்து போகும்போதே தெரிந்துவிட்டது, பள்ளி நான்கில் வந்துவிடும். தூரத்தில் நின்ற ஆசிரியையைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

கடைசியாக வந்தது ஒரு சிறுமி, இரட்டைச் சடை. 'கனத்த' என்ற முதல் வார்த்தையிலேயே நின்றாள். விரலை வைத்து இரண்டு எழுத்துக் கூட்டினாள். 'மழை' என்றாள். எப்படியோ மூன்று வார்த்தை வந்தது. அதற்குமேல் உதட்டைப் பிதுக்கினாள். "தெரியல அக்கா." மிச்ச நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் மூன்று என்று எழுதினேன். எழுதிவிட்டு, முதுகு வலிக்க, ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் போகவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து, தலைகீழாகத் தெரியும் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, 'உதவி தேவை'ன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதுக்குக் கீழ எல்லாருக்கும் டிக் போட்டுட்டீங்க. எனக்கு மட்டும் போடல." காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

என் கையெழுத்தை நேராக வைத்தாலே செயலாளருக்குப் புரியாது. அவள் தலைகீழாக வாசித்திருக்கிறாள்.

"உனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் ஆசிரியை நிற்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கொஞ்சம் தெரியும். வண்டியிலதான் கத்துக்கிட்டேன். தெரியும்னு போட்டா சனிக்கிழமை எனக்கு இடம் கிடையாதுல்ல?"

உள்ளே நான் சொன்னதும் கத்தியதும் அத்தனையும் வெளியே கேட்டிருக்கிறது, உதவி தேவைப்படுகிற பிள்ளைக்குத்தான் இடம் என்பதும். ஆசிரியையிடமும் பிள்ளைகள் விசாரித்திருப்பார்கள். தலைவர்மேல், செயலாளர்மேல், தலைமையாசிரியைமேல் என்று முறைவைத்துக் கோபப்பட்டிருந்தேன். இப்போது மிச்சம் இருந்தது நான்தான். வண்டியால் பயன் உண்டா என்று அளக்கக் கிளம்பி, வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையைப் பார்த்து 'நீ இறங்கு' என்று சொல்லும் ஒரு திட்டத்தை எழுதியிருக்கிறேன். கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். வண்டி பலன் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கப்போவதில்லை. அதை எழுத என் தாளில் இடமும் இல்லை. அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் பயம் இருந்தது.

ஒருமுறை எடுத்த கணக்கை யாருக்காகவும் மாற்றக் கூடாது. கணக்கில் மூன்று வார்த்தை என்று இருந்தது. நான் அதை மாற்றவில்லை. அவள் விரல் வைத்துக் காட்டிய கட்டத்தில் டிக் போட்டேன்.